பால்கோவாவில் கலப்படம் இருக்கா? பதில் சொல்லும் கருவியைத் தந்த ஆர்ச்சர் மார்ட்டின் யார்?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்திலேயே ராஜபாளையம். அதை ஒட்டிய சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஒன்று வாயில் கரைவது, இன்னொன்று காயத்தின் மேல் கட்டுவது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கு.

பால்கோவாவில் உள்ள கொழுப்பு முழுக்கப் பாலிலிருந்து வந்ததுதானா, நடுவில் வனஸ்பதியோ பாமாயிலோ சேர்ந்துவிட்டதா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பேண்டேஜை எத்திலீன் ஆக்சைடு வாயு கொண்டு கிருமி நீக்கம் செய்தால், அந்த வாயு துணியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் அந்த வாயு இருக்கிறது. இந்த இரண்டு கேள்விக்கும் லேபில் பதில் தேடும் கருவி ஒன்றுதான்: கேஸ் குரோமடோகிராபி. சுருக்கமாக ஜி.சி.

மருந்து கம்பெனியிலோ உணவு ஆய்வகத்திலோ குவாலிட்டி கன்ட்ரோல் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கருவியோடு தினமும் மல்லுக்கட்டுதான். அதில் வரும் தலைவலிகளில் பெரும்பகுதி ஒரே இடத்தில் பிறக்கிறது. சாம்பிளை ஊசி வழியாக உள்ளே செலுத்தும் இடம், அதாவது இன்ஜெக்‌ஷன் போர்ட். அங்கே கோளாறு என்றால் நல்ல பால்கோவாவைக் கலப்படம் என்றும், கலப்படத்தை நல்லது என்றும் கருவி சொல்லிவிடும். ஏன் அப்படி என்று புரிய, இந்தக் கருவியைத் தந்த மனிதரின் கதையிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.

காபி டப்பாவில் தொடங்கிய கதை

ஆர்ச்சர் ஜான் போர்ட்டர் மார்ட்டின் 1910 மார்ச் 1 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா டாக்டர், அம்மா நர்ஸ். எழுத்துக்கூட்டிப் படிக்க அவருக்கு ரொம்பவே தாமதமாகத்தான் வந்தது. இன்று டிஸ்லெக்சியா என்று சொல்லும் சிக்கல் அவருக்கு இருந்தது. ஆனால் கைவேலை அபாரம்.

பெட்ஃபோர்டில் பள்ளியில் படித்த நாட்களில், காலி காபி டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்து 5 அடி உயரக் குழாய் செய்தார். உள்ளே சலித்தெடுத்த கரித் துண்டுகளை நிரப்பினார். எதற்கு? கலந்து கிடக்கும் திரவங்களைக் கொதிக்க வைத்து ஒவ்வொன்றாகப் பிரிக்க. பெட்ரோலிய ஆலைகளில் பெரிய அளவில் நடக்கும் வடித்துப் பிரிக்கும் வேலையை வீட்டில் செய்து பார்த்த பையன் அவர். கரித் துண்டுகளைச் சலித்து ஒரே அளவாக எடுத்தார் என்பதைக் கவனியுங்கள். குழாய்க்குள் எல்லாம் சீராக இருந்தால்தான் பிரிவது சுத்தமாக நடக்கும் என்பது அந்த வயதிலேயே அவருக்குப் பிடிபட்டிருக்கிறது.

1929-ல் கேம்பிரிட்ஜ் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். கெமிக்கல் இன்ஜினீயர் ஆவதுதான் திட்டம். அங்கே ஜே.பி.எஸ். ஹால்டேனின் தாக்கத்தில் உயிர்வேதியியல் பக்கம் திரும்பினார். (இதே ஹால்டேன்தான் பிற்காலத்தில் இந்தியாவுக்குக் குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, புவனேஸ்வரில் இறந்தவர்.) படிப்பு முடிந்து வைட்டமின் ஆராய்ச்சியில் சில வருஷம் போனது.

1938-ல் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழிலுக்கான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. நம்ம ராஜபாளையம் பஞ்சாலை ஊர் என்றால் லீட்ஸ் கம்பளி ஆலை ஊர். கம்பளி என்பது புரதம். அதில் என்னென்ன அமினோ அமிலங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பதுதான் அங்கே கேள்வி. கூட்டாளியாக வந்து சேர்ந்தார் ரிச்சர்ட் சிங். முதலில் கட்டிய இயந்திரத்தில் தண்ணீரும் குளோரோஃபார்மும் எதிரெதிர்த் திசையில் ஓடின. வேலை நடந்தது. ஆனால் ஒரு சாம்பிளுக்காக ஒரு வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் குளோரோஃபார்ம் ஆவியை மூச்சில் இழுத்துக்கொண்டு. யாருக்கும் வெறுத்துப்போகும்.

மார்ட்டினுக்குத் தோன்றிய மாற்று ரொம்ப எளிமையானது. இரண்டு திரவமும் எதற்கு ஓட வேண்டும்? ஒன்றை அப்படியே நிறுத்திவிடலாமே. சிலிக்கா ஜெல் தூளில் தண்ணீரை ஊறவைத்து ஒரு குழாயில் அடைத்தார்கள். குளோரோஃபார்ம் மட்டும் அதன் வழியே இறங்கியது. அமிலங்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து இறங்கின. குழாய் வழியே நிறங்களைப் பிரிக்கும் முறையை ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட் 1900-களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்திருந்தார். மார்ட்டினும் சிங்கும் அதை வேறு அடித்தளத்தில் நிறுத்தினார்கள். 1941-ல் கட்டுரை வந்தது.

கோயில் வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு

அந்த 1941 கட்டுரையில் உள்ள கணக்கைப் புரிந்துகொள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் வீதியே போதும்.

ஆண்டாள் கோயிலிலிருந்து ஒரு கூட்டம் வெளியே வருகிறது. வழியெல்லாம் பால்கோவாக் கடைகள். சிலர் ஒவ்வொரு கடையிலும் நின்று ருசி பார்ப்பார்கள். சிலர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலைத் தாண்டினால், பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேரும்போது இரண்டு கோஷ்டியும் தனித்தனியாக வரும். எண்ணிவிடலாம். அதே கூட்டத்தை வாசலில் கொஞ்சம் கொஞ்சமாக, அரை மணி நேரம் இழுத்து விட்டால்? முதலில் கிளம்பிய இனிப்புப் பிரியரும் கடைசியில் கிளம்பிய அவசரக்காரரும் ஒன்றாகப் போய்ச் சேர்வார்கள். கடைகள் அதேதான், தெரு அதேதான். ஆனால் யார் எந்தக் கோஷ்டி என்று சொல்ல முடியாது.

ஜி.சி.யில் தெரு என்பது நீண்ட குழாய். கடைகள் என்பது அதன் உள்ளே பூசிய, ஆவியாகாத திரவம். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போவது ஹீலியம், நைட்ரஜன் மாதிரியான வாயு. கோயில் வாசல்தான் இன்ஜெக்‌ஷன் போர்ட்.

மார்ட்டின் இதற்குக் கணக்கு போட்டார். குழாய்க்குள் இல்லாத தட்டுகளை இருப்பதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டிலும் பொருள் எவ்வளவு நிற்கும், எவ்வளவு நகரும் என்று கணித்தார். தட்டு என்ற யோசனை வடிகட்டும் கோபுரங்களிலிருந்து வந்தது. காபி டப்பா பையன் அதை மறக்கவில்லை. இந்தக் கணக்கின்படி, சாம்பிள் மெல்லிய பட்டையாக உள்ளே நுழைய வேண்டும். நுழையும்போதே அகன்றுவிட்டால் அதற்கப்புறம் குழாய் எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அதே கட்டுரையில், ஓடுவது திரவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வாயுவாகவும் இருக்கலாம் என்று போகிற போக்கில் எழுதியிருந்தார்கள். யாராவது எடுத்துச் செய்வார்கள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட பத்து வருஷம் உலகத்தில் ஒருவரும் செய்யவில்லை! உலகப் போர் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கென்னவோ, கட்டுரையின் நடுவில் வரும் ஒற்றை வரியை யார் கவனிக்கிறார்கள் என்பதும் காரணம் என்றே தோன்றுகிறது.

பால் கொழுப்பில் பிறந்த கருவி

இதற்கிடையே மார்ட்டின் சும்மா இருக்கவில்லை. 1944-ல் கான்ஸ்டன், கோர்டன் ஆகியோருடன் சேர்ந்து வடிதாளிலேயே அமினோ அமிலங்களைப் பிரிக்கும் முறையைக் கொடுத்தார். பள்ளி லேபில் நாம் மையை வைத்துச் செய்து பார்த்த பேப்பர் குரோமடோகிராபி அதன் வாரிசுதான். போர் முடிந்ததும் பூட்ஸ் மருந்து நிறுவனத்தில் இரண்டு வருஷம். பிறகு பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலில் சேர்ந்து, லண்டன் மில் ஹில் ஆய்வகத்துக்கு வந்தார்.

அங்கே ஆன்டனி ஜேம்ஸ் என்ற இளைஞர் அவருடன் வேலை பார்த்தார். இருவரும் முயன்ற வேறொரு பிரிப்பு முறை சரியாக வரவில்லை. ஜேம்ஸ் சோர்ந்துபோனார். அப்போதுதான் மார்ட்டின், 1941-ல் எழுதிப்போட்ட வாயு யோசனையைத் தூசி தட்டி எடுத்தார்.

சுமார் 4 அடி நீளக் கண்ணாடிக் குழாய். உள்ளே சிலிக்கோன் எண்ணெய் தடவிய மண் தூள். வெளியே சூடான ஆவி உறை. ஓடும் வாயு நைட்ரஜன். மறுமுனையில் வந்து விழும் ஒவ்வொரு அமிலத்தையும் காரம் சேர்த்து அளக்கும் தானியங்கி பியூரெட், அதுவும் மார்ட்டின் கைவண்ணம். இன்று கம்ப்யூட்டர் திரையில் பார்க்கும் கூரிய பீக்குகள் அன்று இல்லை. படிக்கட்டு மாதிரி ஒரு கோடு ஏறும். ஒவ்வொரு படியும் ஓர் அமிலம்.

முதலில் எதைப் பிரித்தார்கள் தெரியுமா? கொழுப்பு அமிலங்களை. ஒரு கார்பன் உள்ள ஃபார்மிக் அமிலத்திலிருந்து 12 கார்பன் உள்ள லாரிக் அமிலம் வரை. 4 கார்பன் உள்ள பியூட்டிரிக் அமிலமும் இதில் உண்டு. பசும்பால் கொழுப்பில் அது சுமார் 3 முதல் 4 சதவீதம் இருக்கும். பாமாயிலிலும் வனஸ்பதியிலும் அதைத் தேடினாலும் கிடைக்காது. பால் கொழுப்பின் கைரேகை என்றே சொல்லலாம். பால்கோவா கேள்விக்கான பதில் அந்தக் கண்ணாடிக் குழாயிலேயே இருந்தது.

அமிலங்கள் ஒட்டிக்கொண்டு வால் நீட்டும் தொல்லை அவர்களுக்கும் வந்தது. சிலிக்கோன் எண்ணெயில் கொஞ்சம் ஸ்டியரிக் அமிலத்தைக் கலந்து சமாளித்தார்கள். சாம்பிளைப் பிப்பெட்டால் எடுத்து நேராகக் குழாயின் மேல்முனையில் வைத்தார்கள். செப்டம் கிடையாது, லைனர் கிடையாது. மெல்லிய பட்டையாக வைப்பது கையின் திறமை.

கட்டுரை 1952-ல் வெளியானது. அதே வருஷம் மார்ட்டினுக்கும் சிங்குக்கும் வேதியியல் நோபல் பரிசு. ஆனால் பரிசு 1941-ல் தொடங்கிய வேலைக்குத்தான். ஜி.சி. அப்போது கைக்குழந்தை. மார்ட்டினுக்கு வயது 42.

வாசலில் வந்த சிக்கல்

பெட்ரோலிய கம்பெனிகள் ஜி.சி.யைக் கொத்திக்கொண்டு போயின. 1955-ல் அமெரிக்காவில் பெர்கின் எல்மர் நிறுவனத்தின் கருவி விற்பனைக்கு வந்தது. ரப்பர் அடைப்பு வழியே சிரிஞ்சால் குத்தி, சூடான அறையில் சாம்பிளை நொடியில் ஆவியாக்கும் பழக்கம் பரவியது. இன்று நாம் செய்வது இதுதான். வசதி பெருகியது, கூடவே கோளாறுகளும்.

மிகச் சாதாரணமான கோளாறு, அளவு தெரியாமல் ஊற்றுவது. 1 மைக்ரோலிட்டர் என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத துளி. 250 டிகிரி செல்சியஸில், வழக்கமான அழுத்தத்தில், அந்தத் துளி ஹெக்சேன் என்றால் ஏறக்குறைய 200 மைக்ரோலிட்டர் ஆவியாக ஊதும். மெத்தனால் என்றால் 600-க்கு மேல். தண்ணீர் என்றால் 1,400 பக்கம்! உள்ளே இருக்கும் கண்ணாடி லைனரின் கொள்ளளவு பெரும்பாலும் 1,000-க்கு உள்ளேதான். மீதி எங்கே போகும்? மேலே ஏறி, வாயு வரும் குழாய்க்குள் புகுந்து, குளிர்ந்து படியும். அடுத்த சாம்பிள் போடும்போது மெல்ல இறங்கி வரும். போடாத பொருளுக்குப் பீக் வருகிறதே என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

பேய் பீக் வந்தால் மூன்று ஓட்டம் போதும். முதலில் எதையும் ஊசி போடாமல் கருவியை ஓடவிடுங்கள். அப்போதும் பீக் வந்தால் செப்டம், வாயு அல்லது உள்ளே படிந்த அழுக்கு. வரவில்லையா? வெறும் கரைப்பானைப் போடுங்கள். இப்போது வந்தால் சிரிஞ்ச், கரைப்பான், பாட்டில் மூடி, அல்லது ஊசி குத்தும்போது உதிர்ந்து லைனரில் விழுந்த செப்டம் துணுக்கு. இதிலும் வரவில்லை என்றால்தான் சாம்பிளைச் சந்தேகப்பட வேண்டும். பலர் முதலிலேயே சாம்பிளில் கைவைத்து நாளை வீணடிக்கிறார்கள்.

ஒரே ஸ்டாண்டர்டை ஆறு தடவை போட்டால் ஆறு விதமாக வருகிறதா? பீக்கின் பரப்பை மட்டும் பார்க்காதீர்கள், வரும் நேரத்தையும் பாருங்கள். பரப்பும் குறைந்து நேரமும் தள்ளிப்போனால், பெரும்பாலும் செப்டம் ஓட்டையாகி வாயு கசிகிறது. நேரம் கடிகாரம் மாதிரி சரியாக இருந்து பரப்பு மட்டும் ஆடினால் சிரிஞ்சில் குமிழியோ, பிஸ்டன் தேய்மானமோ, பாட்டிலில் சாம்பிள் குறைவோ. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம்.

பால் கொழுப்பில் விஷயம் இன்னும் நுணுக்கமானது. கொழுப்பு அமிலங்களை இப்போது மெத்தில் எஸ்டராக மாற்றித்தான் ஜி.சி.யில் போடுவார்கள். பியூட்டிரிக் அமிலத்தின் எஸ்டர் 102 டிகிரியிலேயே கொதிக்கும். ஸ்டியரிக் அமிலத்தின் எஸ்டருக்கு 400 டிகிரிக்கும் மேல் வேண்டும். சூடான போர்ட்டுக்குள் ஊசியை மெதுவாக அழுத்தினால் லேசானது முதலில் கிளம்பிவிடும், கனமானது ஊசிக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் கணக்கில் பியூட்டிரிக் பங்கு உண்மையைவிட அதிகமாகத் தெரியும். பாமாயில் கலந்த கொழுப்பு, சுத்தம் என்ற சான்றிதழோடு வெளியே போகலாம். இதற்கு நேரெதிரும் நடக்கும். பாட்டில் மூடி சரியாக இறுகவில்லை என்றால் லேசான எஸ்டர் காற்றோடு போய்விடும். நேர்மையாகப் பால் காய்ச்சியவர் கலப்படக்காரர் ஆகிவிடுவார். அடுப்படியில் நின்றவருக்கு லேபில் மூடி தளர்ந்த கதை தெரியவே தெரியாது.

2024-ல் திருப்பதி லட்டு நெய் விவகாரத்தில் எல்லோரும் பேசிய எஸ் வேல்யூ நினைவிருக்கிறதா? அதுவும் ஜி.சி. தரும் எண்தான். கொழுப்பை உடைக்காமல் டிரைகிளிசரைடாகவே பிரித்து, ஐ.எஸ்.ஓ. 17678 முறைப்படி போடும் கணக்கு. மாட்டுக்குக் கொடுத்த தீவனம் போன்ற காரணங்களால் சில நேரம் தவறான முடிவு வரலாம் என்ற குறிப்பும் அந்த ஆய்வறிக்கையில் இருந்தது. டி.வி. விவாதங்களில் அது அவ்வளவாக எடுபடவில்லை.

பேண்டேஜுக்குப் பாதை வேறு. எத்திலீன் ஆக்சைடு கிட்டத்தட்ட 11 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், துணியை மூடிய பாட்டிலில் வைத்துச் சூடாக்கி, மேலே நிற்கும் காற்றை மட்டும் எடுத்து ஊசி போடுவார்கள். 24 மணி நேரத்துக்கு உட்பட்டு உடலில் படும் பொருளிலிருந்து நோயாளிக்குப் போகும் எத்திலீன் ஆக்சைடு 4 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ்.ஓ. 10993-7. இங்கே அலுமினிய மூடியைக் கிரிம்ப் செய்வதில் சோம்பல் பட்டால் வாயு கசிந்து அளவு குறைவாகக் காட்டும். அறிக்கையில் பாஸ். மூடியைக் கையால் திருகிப் பாருங்கள். சுற்றினால் அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள்.

மார்ட்டினுக்குப் பின்னாலும் வாசலைச் சரிசெய்யப் பலர் மெனக்கெட்டார்கள். 1950-களின் பிற்பகுதியில் மார்செல் கோலே தலைமுடி மாதிரி மெல்லிய துளையுள்ள குழாய்களைக் கொண்டுவந்ததும், ஒரு துளிகூட அதற்கு அதிகமாகிப் போனது. உள்ளே போனதில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும் ஸ்பிளிட் முறை வந்தது. சுவிட்சர்லாந்தின் கர்ட் குரோப் அந்த வால்வை மூடியே வைத்து மொத்தச் சாம்பிளையும் உள்ளே அனுப்பும் முறையை 1960-களின் கடைசியில் வளர்த்தெடுத்தார். வால்வைத் திறக்க மறந்த ஒரு நாளில் அது பிடிபட்டதாகச் சொல்வார்கள்.

கடைசி வருஷங்கள்

நோபலுக்குப் பிறகு மார்ட்டின் பெரிய ஆராய்ச்சிக் கூடம் கட்டி ஆள்படை சேர்க்கவில்லை. 1959-லிருந்து அபட்ஸ்பரி லேபரட்டரீஸ் என்ற சொந்தச் சிறு நிறுவனத்தை நடத்தினார். தலையில் யோசனைகள் ஓடிக்கொண்டே இருந்தன, எழுதுவதில்தான் ஆர்வம் குறைவு. வாழ்நாள் முழுக்க வெளியிட்ட கட்டுரைகள் 70 சொச்சம். 1974-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் போனார். 1979-ல் அந்தப் பதவி முடிவுக்கு வந்தது. போதுமான கட்டுரைகள் வெளியிடவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. நோபல் வாங்கியவருக்கும் அப்ரைசல் உண்டு போலிருக்கிறது!

அதன்பின் சில வருஷம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்தார். முதுமையில் அல்சைமர் நோய் வந்து நினைவுகள் ஒவ்வொன்றாக விலகின. மனைவி ஜூடித், இரண்டு மகன்கள், மூன்று மகள்கள் கொண்ட குடும்பம். 2002 ஜூலை 28 அன்று, 92-வது வயதில், இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷயர் பகுதியில் காலமானார்.